பஞ்சுத் தூசியில் விழும் வெளிச்சம்

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது இருபத்தொன்பது. கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் கதைகளை வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான்கு வருடமாகப் படம் எடுக்கிறேன். முதலில் ஃபோனில், அப்புறம் போனஸ் பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேமராவில். தினமும் ராத்திரி ஒரு மணி நேரமாவது நல்ல படங்களையும் ஓவியங்களையும் தேடித்தேடிப் பார்ப்பேன். பார்க்கும்போது கை பரபரக்கும். மறுநாள் கேமராவைத் தூக்கினால் ஒன்றும் வராது. வந்தாலும் முந்தின ராத்திரி பார்த்த யாரோ ஒருவருடைய படம் மாதிரியே இருக்கும். போன வருடம் ஒரு குழுவோடு காசிக்குப் போனேன். ஐந்து நாளில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். ஊருக்கு வந்து உட்கார்ந்து பார்த்தால், எல்லாமே ஏற்கெனவே எங்கோ பார்த்தவை. படித்துறை, புகை, சாமியாரின் கண்கள், படகு, பறவைக் கூட்டம். எடுத்தது என் கைதான், பார்த்தது நான் இல்லை என்று தோன்றிவிட்டது. மூன்று மாதமாகக் கேமராவைத் தொடவில்லை.

எங்கள் ஊரில் எடுப்பதற்கும் ஒன்றுமில்லை. கம்பெனி, சாயப்பட்டறை, டீக்கடை, மறுபடியும் கம்பெனி. கடலும் மலையும் பழைய கோவிலும் உள்ள ஊர்க்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

மற்றவர்களுடைய படங்கள் எனக்கு ஊக்கம் தருகின்றனவா, இல்லை என்னை அழிக்கின்றனவா? எனக்கென்று ஒரு பார்வை எங்கிருந்து வரும்? இதுதான் என் கேள்வி.

ஐந்து படங்களை இணைத்திருக்கிறேன். நான்கு காசியில் எடுத்தவை. ஐந்தாவது எங்கள் கம்பெனியின் செக்கிங் டேபிள். என் அம்மாவும் இதே கம்பெனியில்தான், பதினெட்டு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறார். அவரைக் கூப்பிடப் போனபோது சும்மா அழுத்தியது. என்னவோ அழிக்க மனம் வரவில்லை. என் பெயரைப் போட வேண்டாம்.

ம.
திருப்பூர்

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு அந்த ஐந்தாவது படம் ஒரு காரணம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஊக்கமா, அழிவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ராத்திரியில் இருநூறு படம் பார்த்தால் எதுவும் உள்ளே தங்காது. கல்யாணப் பந்தியில் நாற்பது வகையையும் ஒரே இலையில் வாங்கிக்கொண்டால் எதன் ருசியும் நாக்கில் நிற்பதில்லை, அது மாதிரிதான். வயிறு நிறைந்துவிடும், என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாது. உங்கள் கை பரபரப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பரபரப்பு உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் படம் அதைக் கிளப்பியது என்று மறுநாள் காலையில் கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடிந்ததில்லை.

ஒரே ஒரு படம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த இரண்டு வாழ்க்கைகள் உண்டு.

ஒருவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன். நம் ஊரில் பலருக்கு அவரைத் திருவண்ணாமலை வழியாகத் தெரியும். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அங்கே இருந்து படம் எடுத்தவர். ஆனால் அவர் ஓவியனாக வேண்டும் என்று பாரிஸில் முறையாகப் பயின்ற ஆள். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியபோது ஆப்பிரிக்காவுக்குப் போய், கடும் காய்ச்சலில் விழுந்து திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரியக்காரர் எடுத்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. டாங்கனிகா ஏரிக்குள் மூன்று கறுப்பினச் சிறுவர்கள் ஓடுகிறார்கள். நாம் பார்ப்பது அவர்களுடைய முதுகை. கருத்த உடல்கள், எதிரே வெள்ளை நுரை, தூக்கிய கால்கள். அவ்வளவுதான் படம். ஒரு கணத்துக்குள் நித்தியத்தைப் பிடிக்க முடியும் என்று அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டதாகக் கார்ட்டியர் பிரெஸ்ஸன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். கையில் லைக்கா என்ற சின்னக் கேமரா வந்தது, தெருவில் இறங்கினார்.

இறங்கியவர் ஆப்பிரிக்க ஏரியைத் தேடிப் போகவில்லை. 1932-இல் பாரிஸில் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை நீட்டி ஒரு படம் எடுத்தார். மழைத்தண்ணீர் தேங்கிய இடம். தண்ணீரில் கிடக்கும் ஒரு ஏணியிலிருந்து ஒருவர் தாவுகிறார். குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. அவருடைய பிம்பம் கீழே காத்திருக்கிறது. பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரி அதே மாதிரி தாவிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருத்த உருவம், வெளிச்சமான தண்ணீர், தரையை விட்டு எழும்பிய கால். மூன்றும் இரண்டிலும் இருக்கின்றன. ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றது எடுக்கப்பட்டது என்று யாராவது சொல்வார்களா? அவர் ஏரியை விட்டுவிட்டார், சிறுவர்களை விட்டுவிட்டார், அழகான உடல்களையும் விட்டுவிட்டார். தொப்பி போட்ட, அவசரத்தில் ஓடும் ஒரு நகரவாசி போதும் என்று தோன்றியிருக்கிறது. இந்த ஒப்புமை என் ஊகம்தான், அவர் அப்படிச் சொன்னதாக நான் படித்ததில்லை. இருந்தாலும் இரண்டையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொருவர் யோசெப் சூடெக். செக் நாட்டுக்காரர், 1896-இல் பிறந்தவர். புத்தகம் பைண்டு செய்யும் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் இத்தாலிய முனையில் வலது கை போய்விட்டது. ஒற்றைக் கையால் பைண்டிங் செய்ய முடியாது. புகைப்படத்துக்கு வந்தார். நீங்கள் கடலையும் மலையையும் பார்த்துப் பொறாமைப்படுவதாக எழுதியதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இவர்தான்.

1926-இல் செக் பில்ஹார்மோனிக் இசைக்குழு நண்பர்களோடு இத்தாலிக்குப் போனார். ஒரு ஊரில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே இருட்டில் எழுந்து வெளியேறி நடந்திருக்கிறார். விடிகிற நேரத்தில், தான் குண்டடிபட்ட வயலைக் கண்டுபிடித்துவிட்டார். கை அங்கே இல்லை, பக்கத்திலிருந்த குடியானவர் வீடு மட்டும் அப்படியே நின்றது என்று பின்னாளில் சொன்னார். பிராக் நகரத்துக்குத் திரும்பி வரவே அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. வெளிநாட்டுப் பயணத்தை அத்தோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஐம்பது வருடம், 1976-இல் இறக்கும்வரை, பிராக் நகரமும் செக் நாட்டுக் காடுகளும்தான் அவருக்கு உலகம்.

அவரையும் ஒரே ஒரு படம்தான் திருப்பியது. 1940-இல், பிரான்ஸின் ஷார்த்ர் தேவாலயச் சிலை ஒன்றின் பழைய படத்தைப் பார்த்தார். காண்டாக்ட் பிரிண்ட், அதாவது நெகட்டிவைப் பெரிதுபடுத்தாமல் தாளின் மேல் அப்படியே வைத்து எடுத்த பிரதி. நெகட்டிவ் எவ்வளவோ அவ்வளவுதான் படம். அதில் கல்லின் சொரசொரப்பு கையில் தட்டுப்படுகிற மாதிரி இருந்திருக்கிறது. அன்றிலிருந்து தன் படங்களைப் பெரிதுபடுத்துவதையே விட்டுவிட்டார். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய நெகட்டிவ் வேண்டும், பெரிய நெகட்டிவுக்குப் பெட்டி மாதிரி கனமான கேமரா வேண்டும். ஒற்றைக் கையோடு அதையும் முக்காலியையும் சுமந்துகொண்டு நடந்தார்.

அவர் ஷார்த்ருக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஜெர்மானியர்கள் பிராக் நகரத்தைப் பிடித்துவைத்திருந்த காலம். வெளியே பெரிய கேமராவோடு திரிவதும் சுலபமில்லை. ஒரு குடியிருப்பின் உள்முற்றத்தில் மரத்தால் கட்டிய சின்ன ஸ்டுடியோ அவருடையது. அதற்கு ஒரு ஜன்னல். வெளியே கோணல்மாணலாக வளைந்த ஒரு மரம். 1940-இலிருந்து 1954 வரை அந்த ஜன்னலை எடுத்துக்கொண்டே இருந்தார். பதினான்கு வருடம், ஒரே ஜன்னல். கண்ணாடியில் பனி படிந்த நாள், நீர் வழிந்த நாள், மரம் பூத்த நாள், மரம் வெறும் கரிக்கோடாகத் தெரிந்த நாள். சில படங்களில் ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் தண்ணீர், ஒரு ரோஜா. வேறொன்றும் கிடையாது.

அந்த ஜன்னல் படங்களில் ஒன்று என்னிடம் இருந்தது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றை வாங்கினேன், அதிலிருந்து கிழித்தது. மேஜைக்கு மேலே குண்டூசியால் குத்திவைத்தேன். யார் எடுத்தது என்று கூட அப்போது எனக்குத் தெரியாது, கீழே பெயர் இருந்த பகுதி கிழிந்து போயிருந்தது. இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை படபடக்கும். எழுத வராத நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் பிடிக்கிறது என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடாது.

பிறகு அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். பதினோரு நாள். உள்ளே விட மாட்டார்கள், நடையில் ஒரு கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி மாதம், வெளியே ஈரக் காற்று. உள்ளே ஏசி. அந்தக் கண்ணாடி வியர்த்துக்கொண்டே இருக்கும். துண்டால் துடைத்தால் அப்பாவின் நெற்றியும் மூக்குக் குழாயும் தெரியும். இருபது எண்ணுவதற்குள் மறுபடியும் மங்கிவிடும். மறுபடியும் துடைப்பேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, துண்டு கையில் இருக்கும்போதே, என் மேஜைக்கு மேலிருந்த படம் ஞாபகம் வந்தது. பிராக்கில் கண்ணாடிக்கு உள்பக்கம் வியர்க்கிறது. அறைக்குள் கணப்பு இருக்கிறது, வெளியே குளிர். மூச்சு விடுகிறவன் உள்ளே இருக்கிறான், அவன் மூச்சுதான் அவன் பார்வையை மறைக்கிறது. நம் ஊரில் வெளிப்பக்கம் வியர்க்கிறது. குளிர் உள்ளே படுத்திருக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டு வெளியே நிற்பவன் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

என்னுடைய கதைகளில் எனக்குச் சொந்தமானது என்று நான் நினைக்கும் முதல் கதை அந்த நடையிலிருந்து வந்தது. அதில் ஜன்னல் உண்டு, ரோஜா இல்லை, பிராக் இல்லை. படத்தைப் பார்க்காமலிருந்தால் அந்தக் கண்ணாடியை நான் கவனித்திருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அழுதுகொண்டு துடைத்திருப்பேன், அவ்வளவுதான். அதே நேரம், அப்பா உள்ளே படுத்திருக்காவிட்டால் அந்தப் படம் என்றைக்கும் ஒரு அழகான ஐரோப்பியப் படமாகவே சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டியிருந்தது. தொடும்வரை அது சுவரில் இருக்க வேண்டியிருந்தது.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு மாதத்துக்கு ராத்திரியில் தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரே ஒரு படத்தை, புகைப்படமோ ஓவியமோ, ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போடுங்கள். தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். அடுப்படிச் சுவர் நல்ல இடம், பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் பார்வை தானாகப் போகும். அதன் அர்த்தத்தையோ நுட்பத்தையோ ஆராய வேண்டாம். கண் முதலில் எங்கே போகிறது, அப்புறம் எங்கே போகிறது, எந்த இடத்தை வேண்டுமென்றே தவிர்க்கிறது என்று மட்டும் பாருங்கள். பத்தாம் நாள் சலிக்கும். சலித்தாலும் எடுக்காதீர்கள். எனக்கு அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகுதான் அதில் மரம் இருப்பதே தெரிந்தது. அதுவரை டம்ளரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காப்பி அடிக்கிறோமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது மாமா வீட்டில் ஆனந்த விகடனிலிருந்து கத்தரித்து பைண்டு செய்த ஒரு கனமான தொகுப்பு இருந்தது. சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்'. கோவில் கோவிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து, கோடு கோடாக வரைந்தவர் அவர். கோடை விடுமுறையில் ட்ரேஸிங் பேப்பரை வைத்து அதிலிருந்த ஒரு துவாரபாலகரை நான் பிரதி எடுப்பேன். சுட்டுவிரலை நீட்டி எச்சரிக்கிற கை. அந்த விரலின் முனை மேல்நோக்கி லேசாக வளையும். என் பென்சில் ஒவ்வொரு தடவையும் அதை நேராக்கிவிடும். பத்துப் பதினைந்து தாள் கிழித்த பிறகுதான் வளைவு வந்தது. பல வருடம் கழித்து ஒரு கோவில் வாசலில் துவாரபாலகருக்கு முன்னால் நின்றபோது என் கண் நேராக அந்த விரல்முனைக்குப் போனது. கூட வந்தவர்கள் எல்லோரும் கதாயுதத்தையும் கோரைப்பல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓவியம் வரவில்லை. அந்த வளைவு மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு பாத்திரத்தின் கையை எழுதும்போது முதலில் விரல்முனையைத்தான் பார்க்கிறேன்.

வான்கா 1889, 90-இல் சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, தான் தெய்வமாக மதித்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களை இருபதுக்கும் மேல் திரும்ப வரைந்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள்தான். நிறங்களை அவரே போட வேண்டியிருந்தது. இசைக்கலைஞர் இன்னொருவருடைய படைப்பை வாசிப்பது போலத்தான் இது என்று தம்பி தியோவுக்கு எழுதினார். நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரைப் பார்த்து, காப்பி அடிக்கிறார் என்று எந்த சபாவிலும் யாரும் சொன்னதில்லை. எந்த வரியில் நின்று, அதையே விதவிதமாக விரித்து நிரவல் செய்கிறார் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். உங்கள் காசிப் படங்களிலும் அப்படி நீங்கள் நின்ற இடம் ஒன்று இருக்கும். நாலாயிரத்தில் ஒன்றாவது இருக்கும். எனக்கு அனுப்பிய நான்கில் இல்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவை நன்றாக எடுக்கப்பட்டவை, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடியவை. உங்கள் தீர்ப்பு சரிதான். அதற்காக மூன்று மாதம் கேமராவை மூடிவைத்தது மட்டும் தேவையில்லாத தண்டனை.

சரி, திருப்பூருக்கு வருவோம்.

ஊரில் எடுக்க ஒன்றுமில்லை என்கிறீர்கள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒரு நண்பருடைய யூனிட்டில் நான் ஒரு முழு நாள் இருந்திருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரம். ஓவர்லாக் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்க நிற்க, அந்தக் கூடத்தில் ஓசை அடுக்கடுக்காகக் குறைந்தது. கட்டிங் மேஜைக்கு மேலே காற்றில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. வேலை செய்கிறவர்களுக்கு அது நெஞ்சைக் கெடுக்கிற சமாச்சாரம், எனக்குத் தெரியும். அதை அழகு என்று சொல்லி நான் கடந்து போக மாட்டேன். ஆனால் அது வெளிச்சத்தை என்ன செய்தது என்று பார்த்தேன்.

சூடெக்கைப் பற்றி இன்னொரு சம்பவம் உண்டு. நாஜி முகாம்களிலிருந்து பிழைத்து வந்த சோன்யா புல்லாட்டி என்ற இளம்பெண் போருக்குப் பிறகு அவரிடம் உதவியாளராக இருந்தார். அவர் எழுதி வைத்திருக்கிறார். பிராக் கோட்டையில் பழைய காலத்து இருட்டுக் கூடம் ஒன்றில் சூடெக் கேமராவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாராம். சட்டென்று ஒரு வெயில் கற்றை உள்ளே இறங்கியது. உடனே இரண்டு பேரும் துணியை எடுத்து வீசி வீசி, தரையில் பல காலமாகப் படிந்திருந்த புழுதியைக் கிளப்பியிருக்கிறார்கள். எதற்கு? வெளிச்சத்தைப் பார்க்க. காற்று சுத்தமாக இருந்தால் கற்றை கண்ணுக்குத் தெரியாது, அது மோதுகிற சுவர்தான் தெரியும். தூசி இருந்தால்தான் வெளிச்சத்துக்கு உடம்பு கிடைக்கிறது. அந்த வெயில் வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் அங்கே எட்டும் என்று சூடெக்குக்கு முன்பே தெரிந்திருந்தது. அவ்வளவு காலம் அந்தக் கூடத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்.

உங்களுக்குத் துணி வீச வேண்டிய வேலையும் இல்லை. உங்கள் கம்பெனியில் எந்த ஜன்னல் மேற்கே பார்க்கிறது? மார்கழியில் வெயில் எந்த மேஜை வரைக்கும் வரும், சித்திரையில் எங்கே நின்றுவிடும்? பவர் கட் ஆகி ஜெனரேட்டர் போடுவதற்குள் இருக்கும் அந்த அரை நிமிடத்தில் கூடம் எப்படி இருக்கும்? இதையெல்லாம் காசிக்கு ஐந்து நாள் போகிற யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. இங்கே வந்து ஐந்து நாள் தங்குகிற பெரிய புகைப்படக்காரராலும் முடியாது. அவர்கள் வந்தால் சாயம் ஓடும் வாய்க்காலையும் துணிப் பொதியையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அவையும் தேவையான படங்கள்தான், ஆனால் அவை அவர்களுடையவை.

ஒன்று மட்டும். அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். களைத்திருக்கும் முகத்தை அவர்களுக்குத் தெரியாமல் எடுப்பது வேண்டாம். எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது ஐந்தாவது படம்.

அதை முதலில் ஃபோனில் பார்த்துவிட்டுக் கடந்து போய்விட்டேன். இரண்டாம் நாள் ஏனோ ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு நான் உங்களுக்குச் சொன்னதையே நானும் செய்தேன், பிரிண்ட் போட்டு மேஜைக்கு மேலே வைத்தேன். இந்த மூன்று வாரமும் அது அங்கேதான் இருக்கிறது.

ஒரு நீளமான மேஜை. அதன்மேல் வெள்ளைத் துணி, தைத்து முடித்த டி ஷர்ட்கள் என்று நினைக்கிறேன், ஒன்றின்மேல் ஒன்றாக. மேலே தாழத் தொங்கும் ட்யூப் லைட். செக்கிங்குக்கு நிழலே விழக் கூடாது, அதற்காகத்தான் அவ்வளவு தாழ. அதன் வெளிச்சம் கொஞ்சம் பச்சை. இடது பக்கம் ஒரு ஜன்னல் இருக்க வேண்டும், படத்தில் இல்லை, ஆனால் அங்கிருந்து வரும் சாயங்கால மஞ்சள் மேஜையின் கால் பாகத்தில் கிடக்கிறது. பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடம் துணியின் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே துணிக்கு என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் ஒரு வாரம் என் கண் அங்கேயேதான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஸ்டிக்கர்களைப் பார்த்தேன். சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள். வெள்ளைப் பரப்பில் ஏழு அம்புகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் எதையோ காட்டுகிறது, ஒரு எண்ணெய்க் கறையை, விட்டுப்போன ஒரு தையலை, ஊசி ஓட்டையை. அம்பு காட்டும் இடத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேமராவுக்கும் தெரியவில்லை. அம்பை ஒட்டிய கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் அந்தக் கண் முன்னால் போகும், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் வெள்ளைத் துணியையே பார்த்து, அதில் மற்றவர்களுக்குத் தெரியாததைப் பார்க்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். பார்வை எங்கிருந்து வரும் என்று திருவல்லிக்கேணிப் பழைய பத்திரிகையிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்ட என்னைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? உட்கார்ந்து பேச வேண்டாம், அதெல்லாம் அம்மாக்களிடம் நடக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வெள்ளைத் துணியைக் கொடுத்து, எப்படிப் பார்ப்பீர்கள் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். கண் எந்த மூலையில் தொடங்குகிறது, கை எப்போது துணியைத் திருப்புகிறது, சந்தேகம் வந்தால் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். கேமராவை அன்றைக்கு எடுக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு எடுங்கள்.

பிறகு அந்த மேஜையைத் தொடர்ந்து எடுங்கள். வாரம் ஒரு தடவை, நாள் முடியும் நேரத்தில், ஒரு வருடத்துக்கு. இடையில் காசிக்கோ வேறெங்கோ போக நேர்ந்தால் தாராளமாகப் போங்கள். திரும்பி வந்து மேஜையை எடுங்கள்.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு கை இருக்கிறது. முன்கை மட்டும், ஃப்ரேமுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது, கொஞ்சம் அசைந்து மங்கலாக. மணிக்கட்டில் இரண்டு சிவப்பு அம்புகள் ஒட்டியிருக்கின்றன, அடுத்த பீஸுக்காகத் தயாராக வைத்தது போல. நேற்றுதான் கவனித்தேன். அது அம்மாவின் கையா?

அன்புடன்.